டிஸ்க்கா, டவுன்லோடா? வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம்?

கேம் வாங்கும் நண்பர்களும், பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் டிஸ்க்கும் வாங்குகிறேன், டவுன்லோடும் வாங்குகிறேன். எதை வாங்கினாலும் காசு கொடுக்குமுன் ஒன்றை மட்டும் பார்ப்பேன்: நாளைக்கு அந்தக் கம்பெனி கடையை மூடினாலும், என் வீட்டில் நெட் இல்லாவிட்டாலும், இது ஓடுமா? பதில்கள் எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

டவுன்லோடு செய்து வாங்கிய கேம் எனக்குச் சொந்தமா?

சட்டப்படி, பெரும்பாலும் இல்லை. உங்களுக்குக் கிடைப்பது ஆடுவதற்கான அனுமதி, அதாவது லைசென்ஸ். அந்த அனுமதி உங்கள் அக்கவுண்டோடு கட்டப்பட்டிருக்கும். அதை விற்க முடியாது, தம்பிக்கு எழுதிவைக்க முடியாது. அக்கவுண்ட் முடங்கினால் அதிலுள்ள அத்தனை கேமும் முடங்கும்.

இது புது விஷயம் இல்லை. எல்லா ஸ்டோரும் முதலிலிருந்தே ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்ததுதான். ஆனால் பொத்தானில் 'வாங்கு' என்று போட்டுவிட்டு, முப்பது பக்கம் தள்ளி 'இது விற்பனை அல்ல' என்று சொல்வது நியாயமா என்று கேட்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் அப்படி ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று சொல்லி விற்பவர், கொடுப்பது லைசென்ஸ்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாகத் தரவிறக்கி வைத்து, நெட் இல்லாமலும் பயன்படுத்த முடிகிற பொருளுக்கு விலக்கு உண்டு. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே, 2024 அக்டோபரில், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் ஸ்டோர் தன் கூடைப் பக்கத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. அடுத்த முறை பணம் கட்டும்போது பாருங்கள், பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அப்படியானால் டிஸ்க் வாங்கினால் முழுச் சொந்தம்தானே?

டிஸ்க் என்ற பொருள் உங்களுடையது. அதை விற்கலாம், இரவல் கொடுக்கலாம், பரணில் போட்டுவைக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதற்குள் இருக்கும் மென்பொருளுக்கு அங்கேயும் லைசென்ஸ்தான் என்றாலும், உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து வந்து யாரும் எடுத்துப்போக முடியாது.

இந்த உரிமையையே எடுத்துவிட ஒரு முயற்சி நடந்தது. 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட், வரப்போகும் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கன்சோல் (டிவியோடு இணைத்து கேம் ஆடும் கருவி) 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நெட்டில் சரிபார்த்துக்கொள்ளும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடுகள் இருக்கும் என்று அறிவித்தது. அதே சமயம், போட்டிக் கன்சோலான பிளேஸ்டேஷனை விற்கும் சோனி ஒரு குட்டி வீடியோ வெளியிட்டது. கேமை நண்பருக்குப் பகிர்வது எப்படி என்று விளக்கும் வீடியோ. ஒருவர் பெட்டியை நீட்டுவார், இன்னொருவர் வாங்கிக்கொள்வார், முடிந்தது. வாங்குபவர்கள் எழுப்பிய கூச்சலில் ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஆடுகிறவர்கள் ஒன்றாகச் சத்தம் போட்டால் மாறும் என்பதற்கு இன்றும் நான் சொல்லும் உதாரணம் இது.

டிஸ்க் கையில் இருந்தும் கேம் செத்துப்போகுமா?

போகும். போயிருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார் ஓட்டும் கேமை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, ஒரு கரையிலிருந்து மறுகரைவரை நிற்காமல் ஓட்டிப்போக முடிகிற கேம். தனியாகவே கதையை ஆடி முடிக்கலாம். ஆனால் தனியாக ஆடினாலும் கம்பெனியின் சர்வரோடு எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும் என்று கட்டியிருந்தார்கள்.

2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அன்றிலிருந்து டிஸ்க் வைத்திருந்தவர், டவுன்லோடு வாங்கியவர் என்ற வித்தியாசமே இல்லாமல் போனது. டிஸ்க்கைப் போட்டால் கன்சோல் படிக்கிறது, முகப்புப் படம் வருகிறது, அதற்குமேல் நகராது. அடுத்த மாதமே பலருடைய அக்கவுண்டிலிருந்து லைசென்ஸையும் எடுத்துவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைத்தது கடைசி நேரத்தில் வாங்கிய சிலருக்கு மட்டும்.

கலிபோர்னியாவில் இரண்டு வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். யூபிசாஃப்ட் தரப்பு வாதம், நீங்கள் வாங்கியது லைசென்ஸ், உடைமை இல்லை என்பதுதான். வழக்குப் போட்டவர்கள் பெட்டிக்குள் இருந்த காகிதத்தைக் காட்டினார்கள். அதிலிருந்த ஆக்டிவேஷன் குறியீடு 2099 வரை செல்லும் என்று அச்சடித்திருந்தது. 2099 என்று அச்சடித்துக் கொடுத்தது பத்து வருஷம்கூட முழுதாக ஓடவில்லை.

இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை என்றென்றும் நடத்தச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவர் தன் சொந்த வழியில் ஆடிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் மனுவாக அது போனபோது, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. இதற்கிடையில் யூபிசாஃப்ட் அடுத்த பாகமான 'தி க்ரூ 2'வுக்கு ஆஃப்லைன் வழி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது, 2025இல் கொடுத்தும்விட்டது. அதாவது மனசு வைத்தால் முடிகிற வேலைதான்.

ஆன்லைன் ஸ்டோரை மூடினால், ஏற்கெனவே வாங்கியது என்ன ஆகும்?

மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறையும்.

முதலாவது, ஒரு கேமை மட்டும் ஸ்டோரிலிருந்து எடுப்பது. 2018இல் வந்த 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' கார் கம்பெனிகளோடும் பாட்டுக் கம்பெனிகளோடும் போட்ட உரிமங்கள் முடிந்ததால் 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து போனது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து டவுன்லோடு செய்து ஆடலாம்.

இரண்டாவது, ஸ்டோரையே மூடுவது. நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஸ்டோரும் 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தின. எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலை 29 அன்று. இவற்றிலும் பழைய கொள்முதலை மறுபடி இறக்கிக்கொள்ள வழி விட்டிருந்தார்கள். சோனி 2021இல் பிளேஸ்டேஷன் 3, வீட்டா ஸ்டோர்களை மூடுவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் மனம் மாறியது.

மூன்றாவதுதான் ஆபத்தானது: மறுபடி இறக்கும் வசதியையும் எடுத்துவிடுவது. 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4இல் இலவசமாக வந்த 'பி.டி.' என்ற திகில் கேம் இதற்குச் சரியான உதாரணம். ஒரே ஒரு தாழ்வாரம், திரும்பத் திரும்ப அதிலேயே நடக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். 2015 ஏப்ரலில் அதன் கம்பெனியான கொனாமி அதை எடுத்தபோது, முன்பு இறக்கியவர்களால்கூட மறுபடி இறக்க முடியவில்லை. அழிக்காமல் வைத்திருந்த கன்சோல்களில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. அப்படிப்பட்ட கன்சோல்களைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். டிஸ்க்கில் வந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

புது கேம் பெட்டிக்குள் கார்டு இருக்கிறது, ஆனாலும் டவுன்லோடு கேட்கிறதே?

நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கியவர்கள் இதை அதிகம் கேட்கிறார்கள். 2025 ஜூன் 5 அன்று வந்த அந்தக் கன்சோலில் 'கேம் கீ கார்டு' என்று ஒரு வகை உண்டு. பார்க்க, டிஸ்க்குக்குப் பதிலாக ஸ்விட்ச்சில் செருகும் வழக்கமான கார்டு மாதிரியே இருக்கும். உள்ளே கேம் இருக்காது, சாவி மட்டும்தான். முதல் முறை போட்டதும் நெட்டிலிருந்து முழு கேமையும் இறக்க வேண்டும். அதன்பிறகு ஆட நெட் வேண்டாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கார்டு செருகியிருக்க வேண்டும்.

கடையில் அடையாளம் காண்பது சுலபம். பெட்டியின் முன்பக்கம் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டை, அதில் சாவிப் படம், டவுன்லோடு தேவை என்ற அறிவிப்பு. பெட்டியைக் கையில் எடுத்தால் முதலில் அந்தக் கீழ்ப்பகுதியைப் பாருங்கள், படத்தை அப்புறம் ரசிக்கலாம்.

இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. இந்தக் கார்டை இரவல் கொடுக்கலாம், விற்கலாம். அக்கவுண்டோடு கட்டிய டவுன்லோடில் அது முடியாது. ஆனால் என் கேள்விக்கு இது தேறாது. இறக்கிக் கொடுக்கும் சர்வர் நின்ற மறுநாள், புதுக் கன்சோலில் அந்தக் கார்டு ஒரு பிளாஸ்டிக் துண்டு. முழு விலை கொடுத்து நான் வாங்க மாட்டேன்.

(வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஒரு தகவல். ஸ்விட்ச் கார்டுகளில் வேண்டுமென்றே கசப்புப் பூச்சு பூசியிருக்கிறார்கள். வாயில் வைத்த குழந்தை துப்பிவிட வேண்டும் என்பதற்காக.)

டிஸ்க்கில் முழு கேமும் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

வைஃபையை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். நான் எந்த டிஸ்க் வாங்கினாலும் முதல் நாள் இதைச் செய்துவிடுவேன். கன்சோலின் அமைப்புகளுக்குப் போய் நெட்டைத் துண்டித்து, டிஸ்க்கைச் செருகி, இன்ஸ்டால் பட்டை முழுதாக நிரம்பும்வரை காத்திருந்து, முதல் அரைமணி நேரம் ஆடிப் பார்ப்பேன். பேட்ச், அதாவது நெட் வழியாக வரும் பிழைத்திருத்தம், இல்லாததால் அங்கங்கே பிழை இருக்கும். பிழை இருந்தால் பரவாயில்லை. 'தொடர நெட் தேவை' என்று வந்தால்தான் பிரச்சினை.

வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டுமானால், 'டஸ் இட் ப்ளே' என்ற ஆர்வலர் குழு டிஸ்க்குகளை நெட் இல்லாமல் சோதித்துப் பட்டியல் போடுகிறது. பெட்டியின் பின்பக்கச் சிறு எழுத்துகளும் உதவும். 'இணைய இணைப்பு அவசியம்' என்பதும் 'ஆன்லைன் ஆட்டத்துக்கு மட்டும் இணைப்புத் தேவை' என்பதும் வேறு வேறு.

பிளேஸ்டேஷன் 5இன் கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த டிரைவைக் கன்சோலோடு முதல் முறை இணைக்க நெட் வேண்டும். வாங்கிய அன்றே இணைத்துவிடுங்கள், பெட்டியோடு வைத்துவிடாதீர்கள்.

டிஸ்க் எத்தனை வருஷம் தாங்கும்?

நன்றாக வைத்திருந்தால் பல பத்தாண்டுகள். ஆனால் நம் ஊர் ஈரமும் வெயிலும் டிஸ்க்குக்கு எதிரி. உள்ளே இருக்கும் உலோகப் படலம் காற்றுப்பட்டு அரிக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிக்குத்து மாதிரிப் புள்ளிகள் தெரியும். மழைக்காலத்தில் பூஞ்சை வேறு. பெட்டியிலேயே, நின்ற நிலையில், சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

பழைய கார்ட்ரிட்ஜ்கள் (கன்சோலில் செருகும் கேம் பெட்டிகள்) பலவற்றில் சேமிப்பைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி. அது தீர்ந்தால் கேம் ஓடும், நீங்கள் ஆடிச் சேர்த்தது போய்விடும். பற்றவைக்கத் தெரிந்தவர் புது பேட்டரி மாற்றித் தருவார்.

காசு விஷயத்தில் எது லாபம்?

கன்சோலில், நம் நாட்டில், டிஸ்க். புது பிளேஸ்டேஷன் 5 கேம் ஒன்று ஐந்தாயிரம் ரூபாயைத் தொடுகிறது. ஆடி முடித்ததும் கீறல் இல்லாத டிஸ்க்கைக் கைமாற்றினால் நல்ல தொகை திரும்ப வரும், அதை அடுத்த கேமுக்குப் போடலாம். சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களிலும் நண்பர்கள் வட்டத்திலும் இப்படிச் சுற்றும் டிஸ்க்குகளால்தான் பல பேர் கேம் ஆடவே முடிகிறது. டிரைவ் இல்லாத கன்சோல் சில ஆயிரம் மலிவு என்று வாங்குபவர், இந்தச் சுற்றிலிருந்தே வெளியேறிவிடுகிறார். ஒரே ஸ்டோர், அது சொல்வதே விலை.

டவுன்லோடை மறுவிற்பனை செய்ய ஐரோப்பாவில் முயன்றார்கள். பிரான்ஸின் நுகர்வோர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், ஸ்டீமில் வாங்கியதை விற்க உரிமை உண்டு என்று பாரிஸ் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது.

கணினியில் ஆடுபவருக்கு?

அங்கே டிஸ்க் கதை எப்போதோ முடிந்துவிட்டது. 2004இல் வந்த 'ஹாஃப் லைஃப் 2' பெட்டியில் டிஸ்க் இருந்தது, ஆனாலும் ஸ்டீம் அக்கவுண்ட் இல்லாமல் ஓடாது. அதற்குப் பின் பெட்டி என்பது பெயருக்குத்தான்.

ஆனால் என் கேள்விக்கு மிகச் சரியான பதில் கிடைப்பதும் கணினியில்தான். 2008இல் தொடங்கிய ஜிஓஜி என்ற ஸ்டோர் பூட்டு இல்லாத கேம்களை விற்கிறது. இன்ஸ்டாலர் கோப்பை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால், அந்த ஸ்டோரே இல்லாமல் போனாலும் கேம் ஓடும். என் பார்வையில் அந்த டவுன்லோடு, 'தி க்ரூ' டிஸ்க்கைவிட ஆயிரம் மடங்கு சொந்தம். இறக்கி வைக்காமல் அங்கேயே விட்டுவைத்தால் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கவுண்டைப் பத்திரமாக வைக்க என்ன செய்யணும்?

ஆபீஸ் மெயிலில் அக்கவுண்ட் திறக்காதீர்கள். நான் செய்த தவறு அது. வேலை மாறியதும் அந்த மெயில் போனது. போன் நம்பரும் பழையது. ஒரு நாள் கன்சோலை ரீசெட் செய்தபோது பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு, இப்போது என்னிடம் இல்லாத அந்த மெயிலுக்குப் போனது. வாங்கிய ரசீதுகளைக் காட்டினேன், கன்சோலின் சீரியல் நம்பரைப் படித்துச் சொன்னேன், கம்பெனிக்கு மூன்று வாரம் எழுதினேன். பதிவு செய்த மெயிலிலிருந்து கடிதம் வந்தால்தான் உதவ முடியும் என்றார்கள். பதினோரு கேம் போனது. என் அலமாரியில் இருந்த நான்கு டிஸ்க்கும் அன்று மாலையே ஓடின.

சொந்த மெயில், இரண்டு கட்டச் சரிபார்ப்பு, அதற்குத் தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்தல். இவ்வளவும் செய்யுங்கள்.

எனக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகுமா?

டிஸ்க் போகும். ஸ்டீம் மாதிரியான அக்கவுண்டுகளை இன்னொருவருக்கு மாற்ற ஒப்பந்தம் இடம் தருவதில்லை, உயில் எழுதினாலும்.

பழைய கேம்களை யார்தான் காப்பாற்றுகிறார்கள்?

அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்த நாட்டில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. வேண்டுமென்றால் பழைய டிஸ்க்கைத் தேட வேண்டும், அல்லது திருட்டுப் பிரதி. நூலகங்கள் இவற்றைத் தொலைவிலிருந்து ஆய்வாளர்களுக்குக் காட்ட அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. கம்பெனிகளும் விற்பதில்லை, நூலகமும் காட்டக் கூடாது என்றால், மிச்சமிருப்பது யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக இருக்கும் டிஸ்க்தான். அதனால்தான் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடப் போகிறேன் என்று யார் சொன்னாலும், என்னிடம் கொடுங்கள் என்கிறேன்.

என் பழைய 3டிஎஸ் அலமாரியில் கிடக்கிறது. இப்போது ஏதாவது செய்யணுமா?

இந்த வாரமே செய்யுங்கள். முதலில் பின்மூடி வழியாகப் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், புதுப் பேட்டரி வாங்குங்கள். சரியாக இருந்தால் சார்ஜ் ஏற்றி, வைஃபையில் இணைத்து, ஸ்டோருக்குள் போய் நீங்கள் முன்பு வாங்கியவற்றின் பட்டியலைத் திறங்கள். ஒவ்வொன்றாக இறக்குங்கள், அப்டேட்டையும் சேர்த்து. வேகம் குறைவுதான், பொறுமை வேண்டும். இறங்கியதும் எஸ்டி கார்டை எடுத்துக் கணினியில் செருகி, அதிலுள்ள முழு ஃபோல்டரையும் நகலெடுத்து வையுங்கள். அந்த நகல் உங்கள் கன்சோலில் மட்டும்தான் ஓடும், இன்னொரு 3டிஎஸ்ஸில் போட்டால் ஓடாது. அதனால் அந்தக் கன்சோலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.